தேநீர் ஒட்டாத வெள்ளைப் பை

அத்தியாயம் ஐந்து

உலகத்தில் எத்தனையோ நாற்றம் உண்டு. கழுவ மறந்த சாப்பாட்டு டப்பா, மழையில் நனைந்து மூலையில் கிடந்த ஷூ, கூட்ட நெரிசலில் நம் மூக்குக்கு நேராக வந்து நிற்கும் பக்கத்து ஆளின் அக்குள். இவை எல்லாம் கூட்டணி வைத்து ஆட்சி அமைத்தது போலிருந்தது அந்தக் கூடம். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான் ரேடியோ.

"உள்ள வாடா. நாத்தம் கடிக்காது" என்றாள் அண்ணி.

"ஏற்கெனவே கடிச்சிருச்சு அண்ணி. ஊசி போட்டுட்டு வரேன்."

வாசல் பலகையில் 'துப்பறிவாளர்' என்று எழுதி மாட்டியிருப்பவள் அண்ணி. கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, பேசக்கூடாத இடத்தில் பேசுவது ஆகிய மூன்று இலாகாக்கள் அவள் கணவனின் தம்பியிடம் இருந்தன. பிறந்த நாளிலிருந்து வாய் ஓயாததால் வீட்டார் வைத்த பெயர் ரேடியோ. கல்யாணமாகி வந்த புதிதில் இந்தக் கொழுந்தனை எப்படி அணைப்பது என்று அவளும் பொத்தானைத் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அதனால் வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்திருந்தது விமானத்திலிருந்து குதிக்கிறவர்களின் சங்கத்துக்கு. குதித்து வந்த பாராசூட்டுகளை மறுபடி பைக்குள் மடித்து வைக்கும் கூடம்தான் இது. நீள நீளமான மேசைகள். சுவரோரம் ஹெல்மெட்டுகள் வாய் பிளந்து வியர்வை காய்ந்துகொண்டிருந்தன. கம்பியில் காலுறைகள் தொங்கின. இவ்வளவுக்கும் மேலே சங்கத்து முதலாளியின் செண்டு. குப்பைமேட்டில் ஊதுபத்தி கொளுத்தினால் குப்பை மணக்குமா?

"இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம் மேடம்" என்றார் முதலாளி. தலைக்குக் கருஞ்சாயம், பல்லுக்கு வெண்சாயம். "விஷயம் பட்டவர்த்தனமா இருக்கு. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வராரு. இவளைக் கூட்டிட்டுப் போயிடுவாரு."

'இவள்' ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகியிருந்தாள். பாராசூட் மடிப்பதுதான் அவள் வேலை. அவள் மடித்த பாராசூட் விரியாமல் போனதாகச் சரித்திரம் இல்லை என்பதால் எல்லோரும் அவளைக் கைராசி என்றே கூப்பிட்டார்கள். முந்தாநாள் வரைக்கும். முந்தாநாள் நடந்ததற்குப் பிறகு அதே பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

காலையில் அவளேதான் அண்ணியின் ஆபீசுக்கு வந்திருந்தாள். அழவில்லை. "நான் கொலைகாரி இல்ல. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. இல்லாட்டி நான் ஜெயில்ல இருந்து வந்தாலும் என் கையால மடிச்சதை எவன் முதுகுல மாட்டுவான்?" என்று கேட்டாள். அண்ணி உடனே கார் சாவியை எடுத்துவிட்டாள்.

"என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்றாள் அண்ணி இப்போது.

முதலாளி மேசை மேலிருந்த பையைக் காட்டினார். தும்பைப்பூ வெள்ளை. குதிக்கிற சங்கத்தில் வெள்ளைப் பை வாங்குகிறவன் ஒன்று கோடீஸ்வரனாக இருக்கவேண்டும் அல்லது கிறுக்கனாக இருக்கவேண்டும். அந்தப் பையின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். பையின் முதுகில் தங்க நூலில் அவருடைய முழுப்பெயர் பின்னப்பட்டிருந்தது, வாங்கிய பட்டங்களோடு.

"வானத்துல யார் அண்ணி இதையெல்லாம் படிப்பாங்க? காக்காயா?" என்றான் ரேடியோ.

பையின் அடியில் எலாஸ்டிக் துணியில் ஒரு சின்ன உறை இருந்தது. அதற்குள் சுருட்டி வைப்பது குட்டிக் குடை. குதித்த பிறகு அதைக் கையால் உருவி எறிந்தால், காற்று அதைப் பிடித்து இழுக்கும். அது பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும். அதுவரை அந்த எலாஸ்டிக் உறைதான் அதை இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். முந்தாநாள் பிடிக்கவில்லை. டாக்டர் விமானத்தின் கதவருகே குனிந்ததும் குட்டிக் குடை தானாக நழுவி வெளியே போய்விட்டது. பாராசூட் விமானத்தின் வாசலிலேயே விரிந்து அவரைப் பிடுங்கி எடுத்தது. தோள் கதவுச் சட்டத்தில் மோதி நொறுங்கியது. உயிரோடு தரைக்கு வந்தது அவருடைய பெற்றோர் செய்த புண்ணியம்.

"உறையில இதை அடிச்சிருக்கா" என்று முதலாளி ஒரு டப்பாவை நீட்டினார். சோபா, ஷூ போன்றவற்றில் கறை ஒட்டாமல் இருக்க அடிக்கிற ஸ்பிரே. "துணி வழவழன்னு ஆயிடுச்சு. போன வாரம் டாக்டர் இவளை எல்லார் முன்னாடியும் திட்டினாரு. அந்த வன்மம். இன்னைக்குக் காலையில டாக்டரே ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, அவ சாமானை ஒரு தடவை பாருங்கன்னாரு. அலமாரியைத் திறந்தா, இது!"

"அந்த அலமாரிக்குப் பூட்டே கிடையாது" என்றாள் கைராசி தரையைப் பார்த்தபடி. "அந்த டப்பாவை நான் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

அண்ணி குட்டிக் குடையை உறைக்குள் சுருட்டி வைத்து, ஒரு விரலால் லேசாகத் தொட்டாள். சோப்புக் கையிலிருந்து வளையல் கழல்வது மாதிரி அது வெளியே வந்து விழுந்தது.

"இவ்வளவு வழுக்குது. மடிக்கும்போது உங்க கைக்குத் தெரியலையா?"

கைராசி வாயைத் திறந்தாள். முதலாளியைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பதில் இல்ல!" என்றார் முதலாளி, வழக்கையே முடித்துவிட்டவர் போல.

பாவம் என்று நினைத்தவள் இப்படி ஊமையாகிறாளே! எரிச்சலில் ரேடியோ அங்கே கிடந்த ஒரு ஹெல்மெட்டை நகர்த்தப் போனான். உள்ளே யாருடைய தலைமுடியோ எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. குமட்டியது. மேசையில் ஒரு கையுறை டப்பா இருந்ததால் நீலக் கையுறை ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குவதுபோல அதைத் தூக்கி அப்பால் வைத்தான்.

"இந்த கிளவுஸ் யாரோடது?" என்றாள் அண்ணி.

"அது... டாக்டர் குடுத்தது. சும்மா, சுத்தத்துக்கு" என்றார் முதலாளி. பிறகு, கேட்காமலே, "டீ சாப்பிடுங்க" என்றார்.

மெஷினிலிருந்து வந்த டீ. சாக்கடையைச் சூடாக்கிச் சர்க்கரை போட்டால் இந்த நிறம் வரும். ஒரு வாய் குடித்த ரேடியோ, அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கோப்பையை வைக்க இடம் தேடித் திரும்பினான். மாட்டியிருந்த கையுறை காகிதக் கோப்பையில் வழுக்கியது. அவ்வளவுதான். டீ முழுவதும் தும்பைப்பூ வெள்ளை மேல்.

"அடப்பாவி!" என்று முதலாளி அலறினார். "அவர் என்னைக் கொன்னுடுவாரு!"

துடைக்கப் பாய்ந்தவரை அண்ணி கையால் தடுத்தாள். "யாரும் தொடாதீங்க."

டீ பையில் நனையவே இல்லை. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மழைத்தண்ணி மாதிரி முத்து முத்தாக உருண்டு, ஓடி, தரையில் விழுந்தது. பை பழையபடி வெள்ளை. முதுகில் ஓரிடம் மட்டும் நனைந்தது. தங்க நூல் பெயரைச் சுற்றி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் ஒரு செவ்வகம், பழுப்பாக ஊறிக்கொண்டு வந்தது. மேல் மூலைகள் இரண்டிலும் வெளியே நீட்டிய இரண்டு சின்னக் காதுகள். ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் புள்ளி புள்ளியாக ஒரு வளைவு.

"வேணும்னுதான் கொட்டினேன் அண்ணி. துப்பறியும் உத்தி" என்றான் ரேடியோ.

"மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது" என்றாள் அண்ணி. அவள் கண் பையை விட்டு நகரவில்லை. "உறையில மட்டும் அடிக்கல சார். பை முழுக்க அடிச்சிருக்காங்க. பேர் இருக்கிற இடத்தை மட்டும் ஏதோ துணியால மூடிட்டு அடிச்சிருக்காங்க. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"ஸ்பிரே பட்டா தங்க நூல் மங்கிடும். ஒருத்தனைக் கொல்ல நினைக்கிறவ, அவன் பேரு பளபளப்புக் குறையக் கூடாதுன்னு துணி போத்திவிட்டு வேலை பாப்பாளா? போற வழிக்குப் புண்ணியம்னா?"

முதலாளியின் வெண்சாயப் பல் முழுவதும் உள்ளே போய்விட்டது.

அண்ணி ஸ்பிரே டப்பாவை மூக்கருகே கொண்டுபோனாள். மூடியை முகர்ந்தாள். ரேடியோவிடம் நீட்டினாள். அன்றைக்கு அவன் மூக்கு பட்ட பாட்டுக்கு இதுவும் சேரட்டும் என்று முகர்ந்தான். மருந்து நெடி. அதன் மேல் இன்னொன்று. சின்ன வயதில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது, நாற்காலியில் கையைக் கட்டிப்போட்ட பயத்தோடு சேர்ந்து மனதில் பதிந்த வாசனை.

"கிராம்பு எண்ணெய்" என்றான். குரலில் நக்கல் இல்லை.

"நேத்து இங்க யார் வந்தது?" என்றாள் அண்ணி.

"யாரும் வரல... டாக்டர் வீட்டம்மா மட்டும். அவரோட ஷூவை எடுத்துட்டுப் போக."

ஷூ அடுக்கு கைராசியின் அலமாரியை ஒட்டியே இருந்தது.

"கிளம்பலாம்" என்றாள் அண்ணி. "எல்லாரும். பையும்."

*

ஆஸ்பத்திரி அறை பளிச்சென்று இருந்தது. கட்டிலில் வீட்டுப் படுக்கை விரிப்பு, வீட்டுத் தலையணை, வீட்டுத் தம்ளர். இடது தோளில் மாவுக்கட்டோடு டாக்டர் சாய்ந்திருந்தார். அவர் மனைவி கரண்டியால் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க மெல்லிய கிராம்பு மணம்.

கைராசியைக் கண்டதும் டாக்டர் முகம் சுளித்தார். "இவளை எதுக்கு உள்ள விட்டீங்க? தள்ளி நிக்கச் சொல்லுங்க. விரிப்புல படப்போறா."

கைராசி கதவோடு ஒட்டிக்கொண்டாள். கைகள் மறுபடி அக்குளுக்குள் போயின. அந்தச் சுளிப்பைப் பார்த்த ரேடியோவுக்கு, கூடத்து நாற்றம் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

"உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம் டாக்டர்" என்றாள் அண்ணி தேனொழுக. "சூப் சிந்தாம இருக்கக் கழுத்துல கட்டியிருக்கீங்களே, நல்ல ஏற்பாடு."

"ஆஸ்பத்திரி டவல்ல எவன் எவன் வாயைத் துடைச்சானோ! நினைச்சாலே வயித்தைப் புரட்டுது. இது எங்க கிளினிக்குல இருந்து கொண்டு வந்தது. பேஷண்டுக்குக் கட்டுறது. புதுசு."

"ஒரு நிமிஷம் குடுங்களேன்."

அவர் சரி என்பதற்குள் அண்ணி அதைக் கழற்றிவிட்டாள். செவ்வகத் துணி. மேல் மூலைகளில் இரண்டு கிளிப்புகள். இரண்டையும் இணைத்து, மணி கோத்தது போன்ற ஒரு சங்கிலி. ரேடியோ பையைக் கட்டில் ஓரம் வைத்தான். அண்ணி துணியைப் பழுப்புக் கறையின் மேல் மெதுவாக விரித்தாள்.

கறை முழுவதும் மறைந்துபோனது. காதுகளின் மேல் கிளிப்புகள் உட்கார்ந்தன. புள்ளி வளைவின் மேல் சங்கிலி மணிமணியாகப் படிந்தது. அளவெடுத்துத் தைத்தால்கூட இப்படிப் பொருந்தாது.

கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சூப் வீட்டு விரிப்பில் விழுந்தது. டாக்டர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேங்க..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"வாயை மூடு!"

"மூட வேண்டாம்மா" என்றாள் அண்ணி. "டப்பாவை அந்த அலமாரியில வெச்சது நீங்கதானே? கிளினிக் வாசனை மூடியில அப்படியே இருக்கு."

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இவர்தான் போன்ல சொன்னாரு. ஷூ எடுக்கப் போற சாக்குல வெச்சுட்டு வந்துடு, யாருக்கும் தெரியாதுன்னாரு. ஜெயில் வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது."

ஆக, குற்றம் செய்தவன் வேறு யாருமில்லை. கட்டிலில் கிடக்கிற ஆளே தன் பையில் தானே அடித்துக்கொண்டிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

முதலாளி நெற்றியைத் துடைத்தார். "ஏன் டாக்டர்? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா? பையில தானா கை வெச்சு எதையாவது மாத்தினவனுக்கு மறுபடி விமானத்துல இடமில்லன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்களே!" டாக்டர் எகிறினார். தோள் வலித்திருக்கவேண்டும்; பல்லைக் கடித்தார். "போன வாரம் எவனோ விமானத்துல வாந்தி எடுத்து என் பையில தெறிச்சுது. கழுவினாப் போயிடுமா? எனக்குத் தூக்கமே வரல. அதனால அடிச்சேன். சுத்தமா இருக்கணும்னு நினைச்சது ஒரு குத்தமா?"

"நீங்க மறுபடி குதிக்கிறதுக்காக இவங்க ஜெயிலுக்குப் போகணுமாக்கும்" என்றான் ரேடியோ. வேடிக்கையாகச் சொல்லத்தான் வாயெடுத்தான். வரவில்லை.

டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. முதலாளியைப் பார்த்துப் பேசினார், மெதுவாக, கெட்டிக்காரத்தனமாக. "சரி. நான் அடிச்சேன். ஒத்துக்கறேன். ஆனா மடிச்சது யாரு? தொட்டாலே தெரியுமே வழுக்குதுன்னு! வருஷக்கணக்கா இதே வேலை பாக்கிறவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விட்டா. அப்ப யார் மேல தப்பு? இன்ஸ்பெக்டர்கிட்ட நான் அதைச் சொல்றேன்."

முதலாளியின் முகம் தெளிந்தது. தலைகூட மெல்ல ஆடியது. கூடத்தில் பதில் இல்லாமல் போன அதே கேள்வி. பழம் நழுவிப் பாலில் விழப்போகிற நேரத்தில் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டானே மனுஷன்!

அண்ணி கதவுப் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது சொல்லிடுங்க. அவமானம் உங்களுக்கு இல்ல."

கைராசி முதலாளியைத்தான் பார்த்தாள்.

அண்ணி தன் கைப்பையிலிருந்து ஒரு நீலக் கையுறையை எடுத்தாள். கூடத்தில் ரேடியோ கழற்றிப்போட்டதுதான். "இதை மாட்டிட்டு என் கொழுந்தனால ஒரு டீக் கோப்பையைப் பிடிக்க முடியல. எது வழுக்குது, எது வழுக்கலன்னே தெரியல. நீங்க இதை மாட்டிட்டுத்தானே அன்னைக்கு மடிச்சீங்க?"

கைராசி முதன்முறையாகக் கைகளை வெளியே எடுத்தாள். நூல் உராய்ந்து காய்ப்புக் காய்த்த, நகம் ஒட்ட வெட்டிய கைகள். எத்தனை தடவை கழுவினாளோ, புறங்கையில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

"அந்த வாந்தியை வெறுங்கையால வழிச்சு எடுத்துக் கழுவினது நான்தான்" என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். "இந்த சார் கிட்ட வரல. தூரத்துல நின்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, இங்க இருக்கு அங்க இருக்குன்னு கையைக் காட்டினாரு. பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. முந்தாநாள் மடிக்கக் குடுத்தப்போ, கையைக் கழுவிட்டு வான்னாரு. கழுவிட்டு வந்தேன். மறுபடி கழுவுன்னாரு. கழுவினேன். அப்புறம், உன் கையைப் பாத்தாலே எனக்குக் குமட்டுதுன்னு சொல்லி அந்த கிளவுஸ் டப்பாவைத் தூக்கி மேசையில போட்டாரு. குதிக்க வந்தவங்க எல்லாரும் நின்னு பாத்தாங்க."

"நீங்க மாட்டேன்னு சொல்லலையா?" என்றாள் அண்ணி.

"சொன்னேன். கை தொடாம மடிக்கக் கூடாது சார், என் கைக்குத்தான் தெரியும்னு சொன்னேன். முதலாளி, கஸ்டமர் கேக்கறாரு, போட்டுக்கோன்னாரு. போட்டுக்கிட்டேன். போட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு." முகவாயால் முதலாளியைக் காட்டினாள். "இன்னைக்குக் காலையில இவர், கிளவுஸ் பேச்சு வெளிய வந்தா சங்கத்துக்கு அசிங்கம், வாயைத் திறக்காதேன்னாரு."

எல்லாருடைய பார்வையும் முதலாளியின் மேல் போய் நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார்.

டாக்டரின் மனைவி எழுந்தாள். கழுத்துத் துணியைப் பையின் மேலிருந்து எடுத்து, நாலாக மடித்து, கணவனின் மடியில் போட்டாள். "மிச்ச சூப்பை நீங்களே குடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

ரேடியோவின் தொண்டையில் ஏதோ கசந்து ஏறியது. அந்த மெஷின் டீ அல்ல. இந்தப் பளிச்சென்ற அறை, இந்தச் சலவை விரிப்பு, இந்தக் கிராம்பு மணம். வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான ஓர் அசிங்கத்தை அவன் பார்த்ததில்லை. வாய்க்குள் நாலைந்து நக்கல்கள் வரிசையில் நின்றன. எதையும் சொல்லப் பிடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டான்.

வராந்தாவில் அண்ணி போனை நீட்டினாள். முதலாளிக்கு வேறு வழியில்லை. இன்ஸ்பெக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்: ஸ்பிரே, அலமாரி, கையுறை, தான் போட்ட வாய்ப்பூட்டு எல்லாம். ஒவ்வொன்றுக்கும் அண்ணி விரலைச் சொடுக்கிச் சொடுக்கி அடுத்ததைச் சொல்ல வைத்தாள். பேசி முடித்து போனைத் திருப்பிக் கொடுத்தபோது, மனுஷனின் கருஞ்சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் கோடாக வழிந்துகொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் துடைத்தார். துடைத்ததைக் கால்சட்டையில் தேய்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பைத் தேடிப் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா" என்றார் கைராசியிடம். "மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வந்துடு. உன் மேசை உன் மேசைதான். எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. எங்க, கையைக் குடு."

கறுப்பு பூசிய கை நீண்டது.

கைராசி அந்தக் கையைப் பார்த்தாள். நிதானமாக, உறைக்குள் குட்டிக் குடை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பவள்போலப் பார்த்தாள். தன் கைகளை மறைக்கவில்லை. நீட்டவும் இல்லை.

"வரேன் சார்" என்றாள். "முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."